பாலோ ஆல்ட்டோவுல ஒரு பி.டி. வாத்தியார் மக

2007 செப்டம்பர்ல எச்4 விசாவுல, அதாவது அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்தவங்க மனைவிக்குக் குடுக்குற விசாவுல, கலிஃபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பக்கத்துல இருக்குற பாலோ ஆல்ட்டோ வந்து எறங்குனேன். வீட்டுக்காரர் காலைல எட்டு மணிக்கு ஆபீஸ் போனா ராத்திரிதான் வருவார், எனக்கு வேலை பாக்க அனுமதி கெடையாது, கார் ஓட்டத் தெரியாது, தெருவுல ஆள் நடமாட்டமே இருக்காது. வாசல்ல நின்னா போற வர்றவங்க எல்லாரும் சாப்டாச்சானு கேட்டுட்டுப் போற கோவில்பட்டில இருந்து வந்தவளுக்கு அந்த அமைதிதான் தாங்க முடியல. அங்க என்கிட்ட மொதல்ல பேசுனது பக்கத்து வீட்டுத் தாத்தா. ஹைஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், ஸ்டான்ஃபோர்ட்ல படிச்சவர், முப்பது வருஷமா அந்த யுனிவர்சிட்டி ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தக் கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால்) டீமுக்கு சீசன் டிக்கெட் வாங்குறவர். எங்கப்பா பி.டி. வாத்தியார், ஹாக்கி கோச்னு சொன்னதும் அவருக்கு மொகமே மலர்ந்துருச்சு, வர்ற சனிக்கிழம எங்க வீட்டுக்கு மேட்ச் பாக்க வாங்கனு ரெண்டு பேரையும் கூப்ட்டார்.

அது அக்டோபர் 6. ஸ்டான்ஃபோர்ட் முந்தின வருஷம் 12 மேட்ச்ல ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சிருந்தது, ஜிம் ஹார்பானு புதுசா ஒரு கோச் வந்து அதுதான் மொத சீசன், எதிர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல அவங்க சொந்த மைதானத்துல யூ.எஸ்.சி.ங்கற சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி, அப்ப நாட்டுலயே ரெண்டாவது எடம், அந்த மைதானத்துல வரிசையா 35 மேட்ச் தோக்காதவங்க. 41 பாயிண்ட் வித்தியாசத்துல தோப்பாங்கனு பந்தயக்காரங்க கணக்கு. போதாததுக்கு எப்பவும் ஆடுற குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவனுக்கு, ஒடம்பு சரியில்லாம டவீட்டா ப்ரிட்சர்ட்னு ஒரு பையன மொத தடவையா மேட்ச ஆரம்பிக்க எறக்கியிருந்தாங்க. எனக்கு அப்ப ரூல்ஸ் ஒண்ணும் தெரியாது, பத்து கெஜம் போக நாலு தடவ சான்ஸ், நாலாவதும் போச்சுனா பந்து எதிராளிக்குனு தாத்தா பேப்பர்ல கோடு போட்டுக் காட்டினார். கடைசி நேரத்துல அந்த நாலாவது சான்ஸ்ல இன்னும் 20 கெஜம் வேணும், பையன் ரிச்சர்ட் ஷெர்மனுக்குத் தூக்கிப் போட்டான், சரியா கெடச்சது. அப்புறம் மறுபடியும் நாலாவது சான்ஸ், 49 செகண்ட் மிச்சம், மார்க் ப்ராட்ஃபோர்டுக்குப் போட்டான், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் புடிச்சான், டச்டவுன். 24க்கு 23, ஸ்டான்ஃபோர்ட் ஜெயிச்சுருச்சு. தாத்தா சோஃபால இருந்து எந்திரிச்சு நின்னுட்டு ஒண்ணுமே பேசல, கண்ணு மட்டும் கலங்கியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து காலிங் கார்ட் நம்பர அமுக்கி அப்பாவக் கூப்ட்டேன், அங்க ஞாயித்துக்கெழம காலைல, கிரவுண்டுக்குக் கெளம்பிட்டிருந்தார், நாலாவது சான்ஸ் கதைய ரெண்டு தடவ சொல்லச் சொல்லி கேட்டார். ஊர் விட்டு வந்து ஒரு மாசத்துல அன்னைக்குத்தான் அப்பாகிட்ட அழாம பேசுனேன்.

அப்புறம் தாத்தாகூட நெறைய மேட்ச் பாத்தேன், ஸ்டேடியத்துக்கும் போனேன், அந்த சனிக்கிழமைகள்தான் இந்த ஊர எனக்குப் பழக்குனது. ஒரு கோச் இங்க ஜெயிக்கறது ஏன் அவ்ளோ கஷ்டம்னு மெதுவாதான் புரிஞ்சுது. மத்த பெரிய காலேஜ் எல்லாம் நல்லா ஆடுற பையனா பாத்து ஸ்காலர்ஷிப் குடுத்து இழுத்துக்கும், இங்க கோச் எவ்ளோ ஆசப்பட்டாலும் அட்மிஷன் ஆபீஸ் சரின்னு சொன்னாதான் பையன் உள்ள வர முடியும், ஸ்கூல்ல கஷ்டமான பாடமா எடுத்து மார்க் வாங்கியிருக்கணும். அப்டிப் பாத்தா நாட்டுல இருக்குற நல்ல ஆட்டக்காரங்கள்ல ஒரு சின்னப் பங்குதான் இவங்களுக்கு மிஞ்சும். தோத்தா சொல்றதுக்கு ஒரு காரணம் எப்பவும் கையில ரெடியா இருக்குற எடம்.

ஹார்பா அத காரணமா சொல்லவே இல்ல, அங்கதான் எனக்கு அவர் மேல மரியாத வந்தது. படிப்பும் வேணும் ஆட்டமும் வேணும்னு நெனைக்கிற பையன் நாட்டுல எந்த மூலைல இருந்தாலும் தேடிப் போறது, வேற எங்கயும் ரெண்டும் சேந்து கெடைக்காதுனு அவன் அப்பா அம்மாகிட்ட ஒக்காந்து பேசுறதுனு எறங்குனாங்க. ஹூஸ்டன்ல இருந்து ஆண்ட்ரூ லக்னு ஒரு குவார்ட்டர்பேக் வந்தது அப்டித்தான். மின்னல் மாதிரி ஓடுறவங்க நெறைய கெடைக்க மாட்டாங்களா, சரி, பெரிய ஒடம்பும், ஆட்டத் திட்டமெல்லாம் எழுதின தடி தடியான ப்ளேபுக்க மனசுல ஏத்துற மூளையும் உள்ள லைன்மேன்கள, அதாவது முன்னாடி நின்னு எதிராளிய இடிச்சுத் தள்ளுறவங்கள, சேப்போம், எக்ஸ்ட்ரா லைன்மேன எறக்கி நேரா இடிச்சுட்டுப் போவோம்னு ஆட்டத்தையே தன்கிட்ட இருக்குற பசங்களுக்குத் தக்க மாத்துனாங்க. 2010ல 12 ஜெயிப்பு, ஒரே ஒரு தோல்வி.

அந்தப் பசங்க படுற பாட்ட நான் பக்கத்துல பாத்திருக்கேன். கேம்பஸ் பக்கத்து காபிக்கடைல ஒரு நாள் ராத்திரி ஒம்பது மணி, அவன் ஒக்காந்த நாற்காலியே தெரியல அவ்ளோ பெரிய பையன், முட்டியில ஐஸ் பை வச்சு பிளாஸ்டிக் சுத்தியிருந்தது, ஐஸ் உருகி சாக்ஸ் நனைஞ்சு தரையெல்லாம் தண்ணி, அவன் அதக் கவனிக்காம ஒரே கணக்க அழிச்சு அழிச்சுப் போட்டுட்டிருந்தான். எனக்கு எங்கப்பா ஞாபகந்தான். தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்குற வீட்டுப் பசங்கதான் அவர் டீம்ல பாதி, ரேங்க் கார்டக் காட்டாம ஸ்டிக்கத் தொட விடமாட்டார், மத்த வாத்தியார்ங்க பி.டி. பீரியட்ட கடன் கேட்டு வந்தா பரீட்சை நேரத்துல குடுப்பார், ஆனா விடிகாலை அஞ்சரைக்கு அத்தன பேரையும் கிரவுண்டுக்கு வர வச்சு அந்த நேரத்த ஈடு கட்டிருவார்.

ஹார்பா 2011ல கெளம்பிப் போனதும் கூட இருந்த டேவிட் ஷா வந்தார். ஸ்டான்ஃபோர்ட்லயே படிச்சு ஆடுனவர், அவங்கப்பாவும் அங்க கோச்சா இருந்தவர். அந்த வருஷம் லக் நேரா என்.எஃப்.எல்.ங்கற தொழில்முறை லீக்குக்குப் போயிருக்கலாம், கோடிக்கணக்குல பணம், ஆனா டிகிரிய முடிக்கணும்னு இன்னொரு வருஷம் இருந்தான், அடுத்த வருஷம் என்.எஃப்.எல். டீமுங்க புது ஆளுங்கள எடுத்தப்ப மொத ஆளா அவனத்தான் எடுத்தாங்க. ஷா சத்தம் போடாத மனுஷன், 12 சீசன்ல 96 ஜெயிப்பு, 2012, 2013, 2015னு மூணு தடவ பேக்-12 பட்டம், அது ஸ்டான்ஃபோர்ட் ஆடுன மேற்குக் கரைக் காலேஜ்களோட லீக். 2016 புத்தாண்டு அன்னைக்கு ரோஸ் பவுல்ங்கற பெரிய மேட்ச்ல ஸ்டான்ஃபோர்டோட கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அவங்க மொத சான்ஸ்லயே பந்தப் புடிச்சு ஓடி 75 கெஜ டச்டவுன் போட்டப்ப நானும் தாத்தாவும் போட்ட சத்தத்துல என் பையன் தூக்கத்துல இருந்து முழிச்சு அழுதான்.

அப்புறம் கீழ எறங்குனது. 2021ல மூணு, 2022லயும் மூணே ஜெயிப்பு, கடைசி மேட்ச் முடிஞ்ச ராத்திரியே ஷா விலகிட்டார். அவர் ஆட்டம் பழசாயிடுச்சுனு நெறைய பேர் சொன்னாங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். பசங்க வருஷா வருஷம் காலேஜ் மாறலாம், விளம்பரத்துல காசு சம்பாதிக்கலாம்னு ரூல் மாறிடுச்சு, மத்த எடத்துல கோச் ஒரே சீசன்ல பாதி டீம ட்ரான்ஸ்ஃபர்ல மாத்திக்கிறார், இங்க வெளில இருந்து வர்றவனும் அதே அட்மிஷன் கதவத்தான் தட்டணும். நாலு வருஷம் பொறுமையா ஒரு பையன வளக்குறதுதான் இவங்க பலமே, அந்தப் பொறுமைக்கு நேரமே இல்லாமப் போச்சு. அடுத்து வந்தவர் காலத்துலயும் மூணு மூணுதான். 2024 கடைசில லக்கே ஜெனரல் மேனேஜரா திரும்பி வந்தார், அத நெனச்சா எனக்கு இன்னும் மனசு நெறையுது.

தாத்தா 2018லயே தவறிட்டார், இதெல்லாம் பாக்கல. 2025 நவம்பர் கடைசில புது ஹெட் கோச் பேர அறிவிச்சாங்க, டவீட்டா ப்ரிட்சர்ட். நான் செய்திய வாசிச்சுட்டு மொதல்ல பக்கத்து வீட்டு ஜன்னலத்தான் பாத்தேன், அங்க இப்ப வேற குடும்பம். அப்பாவ வீடியோ கால்ல கூப்ட்டேன். வயசாயிடுச்சு, காது மந்தம், பேர மூணு தடவ கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கேட்டார், "நாலாவது சான்ஸ்ல போட்டானே, அந்தப் பயலா?"