கேஸ் ஷீட்டில் இல்லாத மாத்திரைகள்

2008-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நடக்கும் ஆறு ஆண்டு பார்ம்.டி. (மருந்தியல் முனைவர்) படிப்பில், இறுதி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சிதான்: ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவு, பிறகு வேறு மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். நெல்லையில் அந்தப் பயிற்சியை முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மருத்துவர்களுக்குப் பின்னால் ரவுண்ட்ஸ் போனதைவிட, கட்டிலருகே உட்கார்ந்து நோயாளியின் மருந்து வரலாற்றைக் கேட்டு எழுதியதே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்து சேரும் முதியவர்களிடம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டால், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மூட்டுவலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று தனியாகக் கேட்கும்போதுதான், "அது கடையில வாங்குத வலி மாத்திரைல்லா, அதையுமா சொல்லணும்?" என்ற பதில் வரும். அந்த வலி மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபினாக்காக இருக்கும். ஏற்கெனவே பிரஷருக்கான எனலாப்ரிலும், சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசமைடும் எடுத்துக்கொள்பவருக்கு அதுவும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் ஏறிவிடக்கூடும்; காரணமோ நோயாளியின் மருத்துவமனைப் பதிவான கேஸ் ஷீட்டில் எங்கும் இருக்காது.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில், சூரணமும் கஷாயமும் உட்கொள்வோர் வார்டில் இருப்பது இயல்பு. அதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் மாணவரிடம் நோயாளி அடுத்த கேள்விக்கு உண்மை சொல்வதில்லை. (முகம் சுளிக்காமல் இருப்பதற்கு பயிற்சியைப் பதிவு செய்யும் லாக் புக்கில் மதிப்பெண் கிடையாது.)

வீட்டுக்கு அனுப்பும் நாளில் தரும் ஆலோசனையும் இதே அளவு முக்கியமானது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சும், 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் உரியவை. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. ஆகவே, புரிந்ததா என்று கேட்டுத் தலையசைப்பை வாங்கிக்கொள்வதில் பயனில்லை. சிரிஞ்சை அவர் கையிலேயே கொடுத்து இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

பயிற்சி பல இடங்களில் கையெழுத்துச் சடங்காகிவிடுவதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரே வார்டில் கூட்டமாக நிறுத்தப்பட்டு, எழுதியதைப் படித்துப் பார்க்க ஆளில்லாதபோது, பக்கத்திலிருப்பவருடைய குறிப்பையே நகலெடுக்கத் தோன்றும். எங்கள் பிரிவில் இருந்த ஒரு மூத்த மருத்துவர், நாங்கள் எழுதிய மருந்து வரலாற்றைக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அன்றைய ரவுண்ட்ஸிலேயே சொல்லச் சொல்வார். அதற்குப் பிறகு எங்களில் யாரும் நகலெடுக்கத் துணியவில்லை.