பி.காம் படித்துவிட்டு பெங்களூரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போன கதை

ஆஸ்பத்திரி வேலை என்றால் டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், இதைத் தாண்டி நம் வீடுகளில் யாருக்கும் எதுவும் தெரியாது. "பி.காம் படிச்சவளுக்கு அங்க என்னம்மா வேலை?" என்று ஓசூரிலிருந்து பெரியப்பா போன் போட்டே கேட்டுவிட்டார். அட்மிஷன், பில்லிங், எம்ஆர்டி என்கிற மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், பர்ச்சேஸ், குவாலிட்டி, இன்சூரன்ஸ் டெஸ்க் என்று ஊசியைத் தொடாமலே சம்பளம் வாங்குகிற கூட்டம் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் உண்டு. நான் இருப்பது இன்சூரன்ஸ் டெஸ்க்கில். தங்கையின் தோழிகள் ஆளாளுக்குக் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் எல்லோரும் சொன்னது மெடிக்கல் கோடிங். நோயாளியின் ரெக்கார்டைப் படித்து நோய்க்கு ஐசிடி-10-சிஎம், சிகிச்சைக்கு சிபிடி என்ற பட்டியல்களிலிருந்து குறியீட்டு எண் (கோட்) போட வேண்டும், பெரும்பாலும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக. ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு கோடர்களுக்கு நடத்தும் சிபிசி தேர்வு எழுதினால் மதிப்பு: 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ், குறியீட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். நல்ல வேலைதான். ஆனால் ஃப்ரெஷர் எடுக்கும்போது லைஃப் சயின்ஸ், பார்மசி, நர்சிங் படித்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள், நாம் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும்.

அப்புறம் ஒரு இன்ஸ்டிட்யூட். ஆறு மாத டிப்ளமோ, நூறு சதவீதம் வேலை என்றார்கள். இங்கே படித்து வேலைக்குப் போன ஒருவரிடம் பேச முடியுமா என்று கேட்டதும், அந்தக் கவுன்சிலர் அதற்குப் பதில் சொல்லாமல் இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்று ஆரம்பிக்க, நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மும்பை டிஸ் (டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ்) போன்ற இடத்தில் எம்ஹெச்ஏ என்கிற ஆஸ்பத்திரி நிர்வாக முதுகலை படிப்பது வேறு விஷயம், அது மேனேஜர் வேலைக்கு உதவும். டெஸ்க்கில் நுழைய அதெல்லாம் தேவையில்லை.

அல்சூரில் அறை எடுத்துத் தங்கி, வாக்-இன் என்று போட்டிருந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போனேன். பல இடங்களில் "கன்னடா பருத்தா?" என்பதுதான் முதல் கேள்வி. "ஸ்வல்ப கொத்து" என்று சொல்லிச் சிரித்தால் கொஞ்சம் இறங்கி வருவார்கள். தமிழும் இங்கே சும்மா இல்லை, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கமிருந்து நிறைய நோயாளிகள் வருகிறார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது இன்டர்வியூவில் கேட்ட ஒரு கணக்கால். பாலிசி 3 லட்சம், அறை வாடகை உச்சவரம்பு நாளைக்கு பாலிசித் தொகையில் 1 சதவீதம், நோயாளி இருப்பது 6,000 ரூபாய் அறையில், அவர் கையிலிருந்து என்ன கட்டுவார்? தகுதி 3,000 தான், மீதி வாடகையைக் கட்டினால் போதும் என்று தோன்றும். அப்படியில்லை. அறைக்குத் தகுந்தபடி ஆஸ்பத்திரி டாக்டர் ஃபீஸையும் ஓடி என்கிற ஆபரேஷன் தியேட்டர் சார்ஜையும் ஏற்றுவதால் அவற்றிலும் பாதியை இன்சூரன்ஸ்காரர்கள் வெட்டிவிடுவார்கள்; மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் செலவில் இந்த வெட்டு கூடாது. மாமாவின் முட்டி ஆபரேஷன் பில்லை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவள் நான், அதனால் பேப்பரே கேட்காமல் சொல்லிவிட்டேன்.

வேலை என்னவென்றால், கேஷ்லெஸ், அதாவது பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும்படி கேட்கிறவர்களுக்கு ப்ரீ-ஆத் என்கிற முன் அனுமதிக் கோரிக்கை அனுப்பி, வரும் குவெரிகளுக்கு (கேள்விகளுக்கு) பதில் வாங்கித் தந்து, டிஸ்சார்ஜ் அன்று கடைசி அப்ரூவல் வாங்குவது. இன்சூரன்ஸை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024-ல் போட்ட விதிப்படி முதல் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரம். அதற்கு மேல் இழுத்தடித்தால் கூடும் ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியே ஏற்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் டாக்டர் கேஸ் ஷீட்டில் "கே/சி/ஓ டிஎம்" என்று மட்டும் எழுதியிருப்பார், அதாவது ஏற்கனவே சர்க்கரை உள்ளவர். எத்தனை வருடமாக என்று எழுதியிருக்க மாட்டார். உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் பார்க்கும் டிபிஏ-விலிருந்து குவெரி வரும். டாக்டரோ ஓடியில் இருப்பார். பெட்டி படுக்கையோடு லாபியில் நிற்கும் குடும்பம் நம் முகத்தையே பார்க்கும். அவர் வெளியே வரும்வரை கதவுக்கு வெளியே ஃபைலோடு நின்று, அந்த ஒரு வரியை எழுதி வாங்கி அனுப்ப வேண்டும். இதில் பாதி டாக்டரிடம் கெஞ்சுவது, மீதி நோயாளியோடு வந்த அட்டெண்டரிடம் திட்டு வாங்குவது.

ஆரம்பச் சம்பளம் ஐடியில் இருக்கும் கசின்களிடம் சொல்லக் கூசுகிற அளவுதான். ஆனால் பில், பாலிசி, கேஸ் ஷீட் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற இடம் இது, அதனால்தான் இங்கிருந்து டிபிஏ கம்பெனிக்கோ என்ஏபிஹெச் என்கிற ஆஸ்பத்திரித் தரச் சான்றிதழ் வேலை பார்க்கும் குவாலிட்டி பக்கமோ தாவ முடிகிறது. பில்லிங்கில் மட்டும் உட்கார்ந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை என்பது என் கணிப்பு. சேரும்போது ஷிஃப்டையும் வார லீவையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் டிஸ்சார்ஜ் உண்டு. பக்கத்து சீட்டு கன்னடத்துப் பெண்ணும் நானும் இப்போதே பேசி வைத்துவிட்டோம், யுகாதிக்கு அவள் லீவு, தமிழ்ப் புத்தாண்டுக்கு நான்.