‘ஹஷ்’: 27 நிமிட மௌனத்தைப் பிரித்துப் பார்க்கும் நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

‘ஹஷ்’: ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்னும் இளம்பெண்ணைப் பற்றிய ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொடரின் நான்காம் சீசன், பத்தாவது எபிசோடு. 1999 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவில் டபிள்யூபி சேனலில் ஒளிபரப்பானது. எழுத்து, இயக்கம் இரண்டும் ஜாஸ் வீடன். 44 நிமிடத்தில் ஏறக்குறைய 27 நிமிடம் வசனமே கிடையாது. தொடர் பேர் வாங்கியது துள்ளும் வசனத்தால்தான். அதைப் பிடுங்கிவிட்டால் என்ன நிற்கும் என்று பார்க்க எழுதப்பட்ட எபிசோடு இது. சிறந்த எழுத்துக்கான எம்மி தொலைக்காட்சி விருதுப் பரிந்துரை இந்தத் தொடருக்குக் கிடைத்தது இந்த ஒரு எபிசோடுக்காக மட்டும்தான்.

கதை சின்னது. ‘ஜென்டில்மென்’ என்னும் பேய்கள் சன்னிடேல் ஊரார் குரலையெல்லாம் ஒரு பெட்டியில் அடைத்துவிடுகின்றன. பிறகு வீடுவீடாகப் போய் இதயத்தை அறுத்தெடுக்கின்றன. வேண்டியது ஏழு இதயம்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று மௌனத்துக்கு முந்தைய பகுதி மட்டும். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். முதல் காட்சியே பஃபியின் கனவில் வரும் உளவியல் பேராசிரியர் மேகி வால்ஷின் வகுப்பு: மொழி வேறு, தொடர்புகொள்வது வேறு என்பது பாடம். அதற்குப் பின் வருகிற ஒவ்வொரு ஜோடியும் பேசிப் பேசியே காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறது. பஃபியும் அவளுக்குப் பிடித்த ரைலியும் முத்தமிடப் போய், வாய் ஓயாமல் எதையோ உளறி நிற்கிறார்கள். தன்மேல் அக்கறை இருக்கிறதா என்று காதலி ஆன்யா கேட்டால் பஃபியின் நண்பன் சாண்டருக்குப் பதில் வரவில்லை. பஃபியின் தோழி வில்லோ சேர்ந்த மந்திரக் குழுவில் மந்திரத்தைத் தவிர எல்லாம் பேசுகிறார்கள். அங்கே மூலையில் உட்கார்ந்து திக்கித் திக்கி ஏதோ சொல்ல வருகிற பெண் டாரா. இதுதான் அவள் முதல் எபிசோடு.

இந்தக் கடன்கள் ஒவ்வொன்றும் மௌனத்தில் தீரப்போகின்றன. வசனமில்லாக் காட்சி எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இது: ஊமைப் பகுதியின் வலு அதற்கு முந்தின வசனத்தில் இருக்கிறது. யாருக்கு என்ன சொல்ல முடியவில்லை என்று முன்பே தெரிந்தால்தான், பிறகு ஒரு கையசைவு போதுமானதாகிறது.

ஜூன் 5, வியாழன்

குரல் போன காலை. பஃபியின் வாய் அசைகிறது, சத்தமில்லை. வில்லோ தன் காதுதான் செவிடாகிவிட்டது என்று பதறுகிறாள். எத்தனை சரியான பிழை அது! இந்தத் தவறு இல்லாமல் இருவரும் உடனே புரிந்துகொண்டிருந்தால் காட்சி வெறும் தகவலாகப் போயிருக்கும்.

அடுத்தது வெள்ளைப் பலகை. கழுத்தில் மாட்டி எழுதிக் காட்டுகிறார்கள். இங்கே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது: எல்லாவற்றையும் எழுதிக் காட்டினால் அதுவும் வசனம்தான், காது செய்த வேலையைக் கண் செய்யும், அவ்வளவே. அதனால் பலகை மிகக் குறைவாகவே பயன்படுகிறது. அழுத்தமான இடம் எதிலும் எழுத்து இல்லை. குழம்பிப் போன தெருவில் பஃபியும் ரைலியும் எதிர்ப்படும்போது பலகையை யாரும் தேடுவதில்லை. முத்தம் தானாக நடந்துவிடுகிறது.

முழு அமைதி என்றும் நினைக்கக் கூடாது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் பேசுகிறார், ஏனென்றால் அவர் வெளியூர். ரைலி யாருக்கும் தெரியாமல் வேலை செய்யும் ரகசிய ராணுவ நிலையத்து லிஃப்டில் கணினி பேசுகிறது, குரல் அடையாளம் கேட்கிறது, தராவிட்டால் மிரட்டுகிறது. குரல் பறிபோனது ஊர் மனிதர்களுக்கு மட்டும் என்ற விதி எங்கும் உடையவில்லை. விதி ஒரு இடத்தில் வழுக்கினாலும் பயம் போய்விடும்.

ஜூன் 6, வெள்ளி

பஃபியின் வழிகாட்டி கைல்ஸ், பேய்களைப் பற்றி நண்பர்களுக்கு எடுக்கும் பாடம். ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர், கையால் வரைந்த தாள்கள், சிவப்பு மையில் தாராளமாக ரத்தம், பின்னணியில் சான்-சான்ஸின் ‘தான்ஸ் மகாப்ர்’ இசை. கேள்வி ஒரு தாள், பதில் அடுத்த தாள். பேய்களை எப்படிக் கொல்வது என்று பஃபி கையால் குத்திக் காட்டுகிறாள். சைகை வேறு அர்த்தத்தில் போய்விடுகிறது. உடனே காட்டேரிகளைக் குத்தும் மர ஆப்பைக் கையில் எடுத்து மறுபடி காட்டுகிறாள். இந்தச் சிரிப்பின் பொறிமுறை எளிது: அதே அசைவு, கையில் ஒரு பொருள் கூடுதல். சைகைக்கு ஒரு அர்த்தம்தான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் இரண்டாவதைப் பார்வையாளர் முதலில் பிடிக்க வேண்டும்.

விளக்கம் என்றால் கதை நின்றுபோகும் இடம். இங்கே சிரித்துக்கொண்டிருக்கும்போதே முழுத் தகவலும் இறங்கிவிடுகிறது: வாள் கொல்லாது, பழங்கதையில் இளவரசி ஒருமுறை அலறினாள், பேய்கள் எல்லாம் செத்தன.

ஜூன் 9, திங்கள்

ஜென்டில்மென். டக் ஜோன்ஸ், காம்டன் டாய் உள்ளிட்ட நடிகர்கள். கோட்டு சூட்டு, வழுக்கைத் தலை, உலோகப் பற்கள், மாறாத புன்னகை. தரையில் கால் படாமல் மிதக்கிறார்கள். அடியாட்களோ மனநோயாளிகளின் கைகளைக் கட்டிவைக்கப் போடும் கட்டுச்சட்டை அவிழ்ந்து தொங்க, குரங்கு மாதிரி குனிந்து தாவுகிறார்கள். அடியாள் கூட்டம் துள்ளத் துள்ளத்தான் மேலே மிதப்பவனின் நிதானம் கொடூரமாகிறது. கொண்டுவந்த இதயத்துக்கு ஒருவருக்கொருவர் மெல்லக் கைதட்டிக்கொள்ளும் அந்த நாகரிகம்தான் அறுப்பதை விட அருவருப்பு.

விடுதியில் முதல் கொலை: மாணவன் வாயைப் பிளக்கிறான், சத்தம் வரவில்லை. அடுத்த அறையில் ஆள் இருந்தும் பயனில்லை என்பது அந்த ஒரு ஷாட்டில் புரிகிறது. கிறிஸ்டோஃப் பெக்கின் இசை இங்கே சுமப்பது அதிகம். இதே தொடர் 2001-இல் ‘த பாடி’ எபிசோடில் நேர்மாறாகச் செய்தது, அங்கே வசனம் உண்டு, பின்னணி இசை அறவே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஜூன் 10, செவ்வாய்

சலவை அறை. துரத்தப்பட்டு வந்த டாராவும் வில்லோவும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். குளிர்பான இயந்திரத்தை மந்திரத்தால் கதவுக்குத் தள்ள வில்லோ தனியாக முயல்கிறாள். கொஞ்சம் அசைந்து நின்றுவிடுகிறது. டாரா கையைக் கோத்துக்கொள்கிறாள். இருவர் பார்வையும் ஒன்றாகத் திரும்ப, இயந்திரம் பாய்ந்து கதவில் மோதுகிறது. நாக்கு திக்கும் பெண்ணுக்கு நாக்கே தேவைப்படாத இரவு. இந்த எபிசோடிலேயே மனசுக்கு நெருக்கமான காட்சி இதுதான்.

ஜூன் 12, வியாழன்

மணிக்கூண்டு. பஃபியை அடியாட்கள் பிடித்திருக்க, முதல் காட்சிக் கனவில் கண்ட, குரல்களை அடைத்த பெட்டி கண்ணில் படுகிறது. உடைக்கச் சொல்லி ரைலிக்குக் காட்டுகிறாள். அவன் பக்கத்திலிருந்த ஜாடியை உடைத்துவிட்டுப் பெருமையாகப் பார்க்கிறான். இல்லை என்று அவள் தலையாட்டல், பிறகு பெட்டி, பிறகு அலறல், தலைகள் வெடிக்கின்றன. உச்சக்கட்டத்திலும் சைகை ஒருமுறை தவறுவதை விடவில்லை.

மறுநாள் ரைலி அவள் அறைக்கு வருகிறான். பேச வேண்டும் என்கிறான். ஆமாம் என்கிறாள். எதிரெதிரே உட்காருகிறார்கள். குரல் திரும்பிவிட்டது, இருவரும் வாய் திறக்கவில்லை.