நீறு பூத்த நிலையிலேயே தொடங்கிய மருந்து

பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. குடலிறக்க அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் புரதம் கூடுதலாக இருந்ததால், மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எடுத்த புரதப் பகுப்பாய்வு வரைபடத்தில் தாழ்ந்து ஓட வேண்டிய கோடு ஓரிடத்தில் செங்குத்தாக எழுந்திருந்தது. “என்னப்பா, நம்ம லைட் அவுஸ் மாதிரி நிக்குது” என்றார் பெரியப்பா.

ஸ்மோல்டரிங் மைலோமா, அதாவது மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றார் மருத்துவர். நம் வழக்கில் சொன்னால் நீறு பூத்த நெருப்பு: எலும்பு மஜ்ஜையில் நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் பெருகியிருக்கும், ஆனால் இரத்தசோகை, சிறுநீரகப் பழுது, எலும்பு அரிப்பு, கால்சிய உயர்வு எதுவும் தொடங்கியிராது. 1980-இல் இதற்குப் பெயரிட்ட நாள்முதல் காத்திருந்து கவனிப்பதே வழக்கமாக இருந்தது. ஆனால் மஜ்ஜையில் இருபது விழுக்காட்டுக்கு மேல் பிளாஸ்மா செல்கள், இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் எம் புரதம் (அந்தச் செல்கள் சுரப்பது; வரைபடத்தில் செங்குத்தாக எழுந்ததும் இதுதான்), 20-க்கு மேல் லைட் செயின் எனும் புரதத் துண்டுகளின் விகிதம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே அபாயம் மிகுந்தவர் என்று கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 44 பேர் அளவில் இரண்டே ஆண்டுகளில் புற்றுநோய்க்குள் போகிறார்கள். பெரியப்பாவுக்கு மூன்றுமே இருந்தன.

“நோயே வரலேங்கிறீங்க, அப்புறம் எதுக்கு மாத்திரை?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஸ்பெயினில் 119 பேரிடம் நடந்த ஆய்வில், லெனலிடோமைட் மாத்திரையும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் முற்றுவதற்கான இடைநிலைக் காலம் (பாதிப்பேருக்கு நோய் முற்ற எடுத்த காலம்) 9.5 ஆண்டுகளாகவும், வெறுமனே கவனிக்கப்பட்டவர்களுக்கு 2.1 ஆண்டுகளாகவும் இருந்தது. முதல் கூட்டத்தார் கூடுதல் காலம் உயிரோடும் இருந்தார்கள். அந்த ஆய்வில் எம்.ஆர்.ஐ. போன்ற நுணுக்கமான படங்கள் கட்டாயமாக்கப்படாததால், ஏற்கெனவே நோய் முற்றிய சிலரும் உள்ளே வந்திருக்கலாம் என்ற குறை உண்டு. (அதனால்தான் முதலில் உடல் முழுதும் ஸ்கேன் எடுக்க நான் வற்புறுத்தினேன், செலவைக் குறித்துப் பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.) 2024-இல் வெளிவந்த அக்விலா ஆய்வு, 390 பேரிடம் டாராடுமுமாப் ஊசியை மட்டும் சோதித்தது; ஐந்தாண்டு முடிவில் நோய் முற்றாமல் உயிரோடிருந்தோர் ஊசி பெற்றவர்களில் 63.1 விழுக்காடு, பெறாதவர்களில் 40.8. அந்த ஊசியின் விலை எங்களுக்கு எட்டாதது. லெனலிடோமைட் இந்தியாவிலேயே தயாராவதால் எட்டியது. மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்து, ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையும் செய்து, நோயை வேரோடு களைய முயலும் சிறு ஆய்வுகளும் உண்டு. ஒப்பிட வேறு குழு இல்லாத அவற்றை நம்பி, நன்றாக நடமாடும் மனிதரை அவ்வளவு தூரம் வதைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகு கரையேறிய வாரத்தில் மருந்தும் தொடங்கியது. இருபத்தொரு நாள் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு. இரத்தம் உறையாதிருக்கத் தினமும் ஆஸ்பிரின். வாரம் ஒருநாள் டெக்ஸா. டெக்ஸா விழுங்கிய இரவுகளில் அவருக்குத் தூக்கம் அறவே இல்லை. மூன்று மணிக்கு எழுந்து பாலத்தடிக்குப் போய், பழுது பார்க்க எதுவுமே இல்லாத வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் மாதம் வெள்ளணுக்கள் குறைந்ததால் லெனலிடோமைட் 25 மில்லிகிராமிலிருந்து 15 ஆனது.

ஆறாம் மாத வரைபடத்தை அவரே கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். “லைட் அவுஸ் இப்ப வடலி உயரத்துக்கு வந்துருச்சு” என்றவர், அடுத்த பரிசோதனைத் தேதி கடலுக்குப் போகும் நாளில் விழுகிறதா என்று நாட்காட்டியைப் புரட்டத் தொடங்கினார்.