பேனை யார் கையில்? பரீட்சைக்கு முந்திய திரிகோணகணிதம்

கணிதப் பரீட்சை நெருங்கினால், பாடம் முடிந்த பின்னும் நாங்கள் கலைந்து போவதில்லை. இருவர் இருவராக உட்கார்ந்து திரிகோணகணிதம் செய்வோம். அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது: விளங்கியவர் வாயால் சொல்ல வேண்டும், விளங்காதவர்தான் பேனையைப் பிடிக்க வேண்டும். கெட்டிக்காரர் கைக்குப் பேனை போனால் ஆறு வரியில் கணக்கு முடிந்துவிடும். மற்றவர் தலையாட்டியதோடு சரி.

தொடக்கம் எப்போதும் இரண்டு முக்கோணிகள். பக்கம் 2 அலகான சமபக்க முக்கோணியை உச்சியிலிருந்து நேர்பாதியாக வெட்டினால் அடி 1, உயரம் √3, செம்பக்கம் 2. 30, 60 பாகைகளுக்கான சைனும் (எதிர்ப்பக்கம் ÷ செம்பக்கம்) கோசைனும் (அயற்பக்கம் ÷ செம்பக்கம்) அதிலேயே இருக்கின்றன. 45 பாகைக்கு 1, 1, √2. அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தால் பதற்றத்தில் 30உம் 60உம் இடம் மாறும். படத்தில் சிறிய கோணத்துக்கு எதிரே சிறிய பக்கம் கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் நேரத்தை அதிகம் தின்றவை சமன்பாடுகள். 0 முதல் 360 பாகை வரை

2 சைன் அ × கோசைன் அ = கோசைன் அ

என்று தந்தால், கை தானாகவே கோசைன் அ ஆல் வகுத்துவிடும். சைன் அ = 1/2; விடை 30, 150. முடிந்தது போலத் தோன்றும். ஆனால் கோசைன் பூச்சியமாகும் 90உம் 270உம் வகுத்த வரியிலேயே தொலைந்துவிட்டன. நான்கில் இரண்டு! எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து கோசைன் அ(2 சைன் அ − 1) = 0 என்று காரணிப்படுத்துவதே வழி. "அது பூச்சியமானால் வகுக்கலாமா?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்டே ஆக வேண்டும். தன் எழுத்தில் இந்தப் பிழையைத் தானே காண்பது மிகக் கடினம். கூடிப் படித்ததன் பெரும் பயன் இதுதான் என்பேன்.

வர்க்கித்தால் தொல்லை மறுபக்கம். சைன் அ + கோசைன் அ = 1 என்பதை வர்க்கித்தால் 0, 90, 180, 270, 360 என ஐந்து வரும். முதற் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 180உம் 270உம் −1 தரும். அவற்றை வெட்டிவிட வேண்டும்.

சைன் 2அ = 1/2 என்றால் முதலில் 2அ இன் வீச்சை 720 ஆக்க வேண்டும்: 30, 150, 390, 510. பிறகே இரண்டால் வகுத்து 15, 75, 195, 255. முந்தி வகுத்தவர்கள் பின்னிரண்டையும் இழப்பார்கள்.

எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் சர்வசமன்பாடுகளை நிறுவச் சுருக்கமான விதி: சிக்கலான பக்கத்தில் தொடங்கு, எல்லாவற்றையும் சைன், கோசைனாக்கு, நிறுவ வேண்டியதையே உண்மையென்று எடுத்து இரு பக்கமும் பெருக்காதே.

மண்டபத்துக்குள் போகுமுன் ஒருவர் கணிப்பானை மற்றவர் பார்ப்போம். சைன் 30 அழுத்தினால் 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் அது கோணத்தின் மற்ற அலகான ஆரையனில் நிற்கிறது; பாகைக்கு மாற்றிவிட்டு உள்ளே போகலாம்.