பதினோரு மணி ஆய்வு

2012-ல் செட்டிநாட்டு ஊர் ஒன்றின் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். கொசு, குப்பை, தெருவில் செத்துக் கிடக்கும் மாடு எல்லாம் எங்கள் தலையில்தான் விடியும். இரைச்சலும் அந்தக் கணக்கில் உண்டு என்பது ஒரு மனு வந்த பிறகே உறைத்தது.

மனு கொடுத்தவர் எழுபது வயது தாண்டிய ஓர் ஆச்சி. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற பெரிய வீட்டில் தனியாக இருந்தார், பிள்ளைகள் சென்னையில். சுவர் ஒட்டிய பங்காளி வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து ஒருவர் மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருந்தார். ராத்திரி தூங்க முடியவில்லை, நெடியில் மூச்சு முட்டுகிறது. மனுவில் இருந்தது அவ்வளவுதான்.

நான் போனது காலை பதினோரு மணிக்கு. மில் ஓடவில்லை. ‘ஆய்வின்போது இரைச்சல் ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். மறுபடி மனு வந்தது. மறுபடி பதினோரு மணி, மறுபடி அதே வாக்கியம். இரைச்சலை எங்கே போய்க் காண்பது என்றுகூடத் தோன்றவில்லை. கை அப்படிப் பழகியிருந்தது.

மூன்றாம் முறை ஆச்சி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “ஏன் தம்பி, கரண்ட் இல்லாத நேரமாப் பாத்து வந்து காதக் குடுத்தா என்ன கேக்கும்?”

அந்த வருஷத்து மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். பகலில் மணிக்கணக்காகக் கரண்ட் இருக்காது. விடியுமுன் வந்தால் மில்காரர் அப்போதே எழுந்து ஓட்டுவார். பங்குனி வேறு. ராமநாதபுரம் பக்கத்துப் புது முண்டு மிளகாய் வந்து, வீட்டுக்கு வீடு வருஷப் பொடி திரிக்கிற காலம்.

மறுநாள் நாலரைக்கே போய் ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டில் உட்கார்ந்தேன். கரண்ட் வந்தது. முதலில் காதில் விழுந்தது மோட்டார் இல்லை, அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள். ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று அவை பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தன. சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் முழங்கை வரை அதிர்ந்தது. முற்றத்து ஓரம், மழைத்தண்ணீர் பிடிக்கிற அண்டாவின் விளிம்பில் விரலை ஓட்டினேன். சிவப்பாக ஒட்டியது. அதே விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டேன். என் சர்வீஸில் அதைவிட முழுமையான ஆய்வு எதுவும் செய்ததில்லை.

பிறகு மில்லுக்குள் போனேன். ஆபத்தான, தொல்லை தரும் தொழில்களுக்கு நகராட்சி கொடுக்கும் டி அண்ட் ஓ லைசென்ஸில் 5 ஹெச்பி. மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் 10. பொடி பறக்காமல் காற்றை மட்டும் வெளியே விட வேண்டிய துணிப்பை கிழிந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் செம்புகை கக்கியது. மிஷினின் கான்கிரீட் மேடை பொதுச்சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தது. தட்டுகள் பேசியதன் காரணம் அதுதான்.

“சீல் வச்சிருவமா?” என்றார் ஆணையர். கோப்பை மூட அதுதான் சுலபம். மில்காரரோ, “கரண்ட் வர்றப்ப அரைக்காம எப்ப சார் அரைக்கிறது? ஜெனரேட்டர் போட்டா வர்ற கூலி டீசலுக்கே போயிரும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜெனரேட்டர் வந்தால் ஆச்சிக்குப் புகையும் சேர்ந்து கிடைக்கும்.

பதினைந்து நாள் தவணை கொடுத்து நோட்டீஸ் விட்டோம். மேடையைச் சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போட்டு, அடியில் கனமான ரப்பர் வைத்தார். துணிப்பை புதிது. காலை ஆறுக்கு முன் ஓட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். மோட்டாரை மட்டும் மாற்றவில்லை. லைசென்ஸைத்தான் 10 ஹெச்பிக்கு மாற்றிக்கொண்டார். ஆச்சி வீட்டுத் தட்டுகள் அடங்கின. நெடி குறைந்தது, ஒரேயடியாகப் போகவில்லை. மிளகாய் அரைக்கிற இடத்தில் மல்லிகை மணக்குமா?

இதற்கு நடுவில் நான் முறைப்படி இன்னொன்றும் செய்திருந்தேன். ஒலி அளக்கும் மீட்டர் எங்களிடம் கிடையாது என்பதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிப் போட்டேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. வணிகப் பகுதிக்கு 65, 55. இரண்டும் கலந்த இடத்தைத் தொழில், வணிகம், குடியிருப்பு, அமைதி என்ற நான்கு வகையில் ஏதாவது ஒன்றாக அறிவிக்கலாம் என்கிறது அட்டவணைக் குறிப்பு. முகப்பில் கடையும் உள்ளே குடித்தனமுமாக இருக்கிற எங்கள் தெருவை எந்த வகையாகவும் யாரும் அறிவித்திருக்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு பதில் வந்தது. மேற்படி இடம் குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா என்று தெரிவிக்கக் கேட்டிருந்தார்கள். ‘இரண்டும்’ என்று எழுதி மேலே அனுப்பினேன். ஆணையர் பச்சை மையால் அதை அடித்துவிட்டு, ‘ஏதேனும் ஒன்று’ என்று எழுதித் திருப்பினார்.