கையெழுத்து கேட்ட இடத்தில் நின்றுபோன ஆய்வு

எங்கள் பக்கத்தில் நிலம் ஒருவர் பெயரில் இருக்கும். நட்டு, களையெடுத்து, அறுப்பவர் வேறொருவராக இருப்பார். இருவருக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) இத்தனை மூட்டை நெல் என்று வாய்ப்பேச்சோடு முடிந்துவிடும். சாகுபடி செய்பவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டப்படி இன்று மொத்த மகசூலில் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவே 1969-இல் தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. இத்தனை இருந்தும் ஏன் பலர் பெயரைப் பதிய மனுப் போடுவதில்லை? இதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி.

சட்டம் படித்தவள் நான். சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேட முடியாது என்பது முதல் வருடத்திலேயே புரிந்தது. பொருளாதாரத் துறையிலிருந்து ஒருவர், உளவியல் துறையிலிருந்து ஒருவர் என இரண்டு பேராசிரியர்கள் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்கள். இதுபோல மூன்று துறைகளைச் சேர்த்து ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே சொல் மூன்று இடத்திலும் ஒரே பொருள் தராது. 'ரிஸ்க்' என்று நான் சொன்னால் வழக்கு, வெளியேற்றம். பொருளாதாரப் பேராசிரியருக்கு அது வருமானத்தின் ஏற்ற இறக்கம். உளவியல் பேராசிரியருக்கு அந்த மனிதரின் நெஞ்சுக்குள் இருக்கும் பயம். ஆறு மாதம் பேசிய பிறகுதான் மூவரும் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. அப்புறம் ஒரு நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் பொருளை எழுதிக்கொண்டோம். முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

மனிதர்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் நான்கு மாதம் இழுத்தது. ஆய்வில் பங்கேற்பவர் சம்மதம் தரும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, அதை வேறொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி, பொருள் மாறவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. படிவத்தின் கடைசியில் கையெழுத்து அல்லது கைநாட்டுக்கு ஒரு கட்டம்.

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் நான்கு ஊர்களைத் தேர்ந்திருந்தேன். முதல் நாள் ஒரு பெரியவர் திண்ணையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். குறுவை, சம்பா, கஜா புயல், எல்லாம். படிவத்தை நீட்டியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பேசுறதுக்கு என்னம்மா, பேசுறேன். கையெழுத்து மட்டும் கேக்காத. பட்டாக்காரருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வயலை விடச் சொல்லுவாரு." அந்த வாரம் பார்த்த பதினொரு பேரில் ஒன்பது பேர் கையெழுத்துப் போடவில்லை.

விடுதிக்குத் திரும்பி அழுதேன். நான்கு மாத உழைப்பு வீணாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். உளவியல் பேராசிரியர்தான் தொலைபேசியில் கேட்டார்: "எதைத் தேடிப் போனாயோ அதைத்தானே அவர்கள் உனக்குக் காட்டியிருக்கிறார்கள்?" அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. தாலுகா அலுவலக மனுவில் கையெழுத்துப் போடத் தடுக்கும் அதே பயம்தான் என் படிவத்திலும் தடுத்திருக்கிறது. புதிதாகக் கிடைக்கும் நன்மையைவிடக் கையில் இருப்பது போய்விடும் என்ற எண்ணம் மனிதர் மனத்தில் கூடுதலாகக் கனக்கும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். இங்கே கையில் இருப்பது மூன்று மா நிலம். பெயர் பதிந்தால் கூட்டுறவுச் சங்கக் கடனும் பயிர்க் காப்பீடும் எளிதாகும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் பிரீமியம் என்பதுவரை சொல்கிறார்கள். ஆனால் அந்த மூன்று மாவைப் பணயம் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மறுபடி நெறிமுறைக் குழுவுக்குப் போனேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டு நெறிகளில் வாய்மொழி ஒப்புதலுக்கு இடம் இருக்கிறது. நான் படித்துக் காட்டுவேன், அவர் வாயால் சரி என்பார், அதற்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். பெயருக்குப் பதில் எண். ஊர்ப் பெயர் ஆய்வேட்டில் வராது. இந்த மாற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

கேள்வித்தாளும் மாறியது. 'ஓரளவு உடன்படுகிறேன், முழுமையாக உடன்படுகிறேன்' என்ற ஐந்து படி அளவுகோலைக் கேட்டு ஓர் அம்மா, "மழை பெஞ்சா ஒண்ணு, பெய்யாட்டி ஒண்ணு, எதைச் சொல்ல?" என்றார். நியாயமான கேள்வி. பத்துப் புளியங்கொட்டையைக் கொடுத்து, 'பெயர் பதிந்தால் நிலம் கையைவிட்டுப் போகும் என்று எவ்வளவு நினைக்கிறீர்களோ அத்தனை கொட்டையை இந்தப் பக்கம் வையுங்கள்' என்று கேட்க ஆரம்பித்தேன். யோசித்து, ஒன்றை எடுத்து, திரும்ப வைத்து, அழகாகச் செய்தார்கள். ஒருவர் பத்தையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

பொருளாதாரப் பேராசிரியர் வற்புறுத்தியதால் ஒரே ஆட்களை இரண்டு முறை பார்த்தேன். கார்த்திகையில், பயிர் வயலில் நின்று கையில் காசு இல்லாதபோது ஒரு முறை. மாசியில், அறுவடை முடிந்த பிறகு ஒரு முறை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013-இல் சயின்ஸ் இதழில் வந்தது. பணமுடை உள்ள காலத்தில் அதே மனிதரின் சிந்தனைத் திறன் குறைவாகத் தெரிகிறது என்பது அதன் முடிவு. எனக்கு அதைப் படித்தபோது கோபமும் வருத்தமும் வந்தது. கார்த்திகையில் மட்டும் போய்க் கேட்டுவிட்டு, 'இவர்களுக்கு விவரம் போதவில்லை' என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம்!

மாசியில் அந்தத் திண்ணைப் பெரியவர் பழைய ரசீதுகளைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய அப்பா நெல் அளந்ததற்கு வாங்கியவை. "இது செல்லுமாம்மா?" என்று கேட்டார். ஆய்வாளராக வந்தவள் பதில் சொல்லலாமா என்று தயங்கினேன். சட்டப் பேராசிரியரிடம் கேட்டேன். ஆய்வுக் கேள்விகள் முடிந்த பிறகு, கேட்டவருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம், மனுப் போடச் சொல்லித் தூண்டக் கூடாது என்றார். சாட்சியமாகக் காட்டலாம், பத்திரமாக வையுங்கள் என்று சொன்னேன். இலவசச் சட்ட உதவிக்கு எங்கே போவது என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று. வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வரவில்லை. அதற்குள் முடிவுகளை எட்டுப் பக்கத் தமிழில் எழுதி, அந்த நான்கு ஊர்களிலும் படித்துக் காட்டும் வேலை பாக்கி இருக்கிறது.